ஜோக்கர் கைக்கு மேலே அரை அங்குலம்

லவினா வளர்ந்துவிட்டாள்.

பெற்ற பிள்ளை வளர்ந்தால் தகப்பன் பூரித்துப் போக வேண்டும். உலக வழக்கம் அதுதான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் தையல்காரர் நோயல் மாஸ்டருக்கோ அது கெட்ட சேதி. கதவு நிலையோடு ஒட்டி நின்ற மகளை உச்சியிலிருந்து பாதம் வரை அளந்தார். பிறகு பாதத்திலிருந்து உச்சி வரை அளந்தார். எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் நாற்பத்தெட்டரை அங்குலம்தான் வந்தது. இத்தனைக்கும் பிள்ளை செருப்புகூடப் போட்டிருக்கவில்லை.

"எவ்ளோ டாடி?"

"இரு, இரு. ஆடாத."

"நான் ஆடவே இல்ல டாடி. உங்க கைதான் ஆடுது."

விஷயம் இதுதான். மைசூர் ரோட்டில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா திறந்திருந்தார்கள். மே மாதம் வந்தால் பங்குக் கோயிலிலிருந்து பஸ் பிடித்து, ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்ற பாவத்துக்கு அப்பா அம்மாக்களையும் அங்கே அழைத்துப் போவார்கள். அங்கே ரோலர் கோஸ்டர் என்று ஒரு ரயில். தரையில் ஒழுங்காக ஓடத் தெரியாத ரயில். கோயில் மணிக்கூண்டு உயரத்துக்கு ஏறும். அங்கிருந்து தொபுக்கென்று விழும். விழுந்த வேகத்தில் ஒரு குட்டிக்கரணமும் போடும். இதில் ஏறுவதற்கு நல்ல புத்தியுள்ள ஜனங்கள் வெயிலில் வரிசை கட்டி நிற்பார்கள்.

அதன் வாசலில் மரத்தால் செய்த ஒரு ஜோக்கர். ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையைப் பக்கவாட்டில் நீட்டியிருப்பான். அந்த நீட்டிய கை தரையிலிருந்து சரியாக நாலு அடி. அதன் கீழே நிற்கும் பிள்ளையின் தலை கையைத் தொட்டால் உள்ளே விடுவார்கள். தொடாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். தொட்டாலும், சின்ன வயதுப் பிள்ளை என்றால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

போன வருஷம் லவினா அந்தக் கைக்கு அடியில் நின்றபோது, தலைக்கும் கைக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. அதைக் கண்ட அடுத்த நொடி நோயல் மாஸ்டர் சிங்கமாகிவிட்டார்.

"சே! என்னய்யா ரூல்ஸ் இது? ஆசையா வந்தேன்யா!" என்று வாசலில் நின்ற ஊழியனிடம் கை நீட்டிப் பேசினார்.

பக்கத்தில் அவர் மனைவி பியாட்ரிஸின் தம்பி டிரேவர். இன்னும் கல்யாணமாகாதவன். பங்குக் கோயில் பஸ் எங்கே போனாலும் அதில் இருப்பான். "நிஜமாவா மாமா? நீங்க இதுல ஏறியிருப்பீங்களா?"

"ஏறியிருப்பேனாவா? முதல் சீட்டுல உக்காந்திருப்பேன். கம்பியக்கூடப் பிடிச்சிருக்க மாட்டேன்."

"அடுத்த வருஷம் நான் தொட்டுருவேன் டாடி" என்றாள் லவினா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"தொடு கண்ணு. நீ எப்பத் தொடறியோ அப்ப டாடியும் நீயும் முதல் சீட்டு. கத்திரி புடிச்ச இந்தக் கை மேல சத்தியம்!"

சத்தியம் செய்யும்போது, பிள்ளைகள் ஒரு வருஷத்தில் எவ்வளவு வளரும் என்பதை அவர் மறந்துவிட்டார். வருஷம் முழுக்க அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் பாவாடைக்கு "வளர்ற பிள்ளை, கொஞ்சம் மடிச்சு விட்டுத் தைக்கிறேன்" என்று சொல்கிறவர் அவர்தான். சொந்தப் பிள்ளையும் அதே ஜாதி என்பது தோன்றவில்லை.

உயரம் என்றால் மாஸ்டருக்கு ஆகாது. வீட்டோடு ஒட்டிய கடையில் மேல் தட்டுத் துணியை எடுக்க அவர் ஸ்டூலில் ஏறியதே கிடையாது. "ஏய் பியாட்ரிஸ், உனக்குத்தான் கலர் தெரியும், நீயே எடு" என்பார். மாடியில் குடியிருக்கும் வாடிக்கையாளர்களைக் கீழே இறங்கி வரச் சொல்லித்தான் அளவெடுப்பார். "வெளிச்சத்துல எடுத்தாதான் ஃபிட்டிங் நல்லா வரும்" என்று அதற்கு ஒரு தொழில்நுட்பம் வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டுவது பியாட்ரிஸ். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்று சொல்வது மாஸ்டர். இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

இப்போது புதுநன்மைக்காக அளவெடுக்கிறார். லவினா இந்த வருஷம்தான் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிறாள். வெள்ளை சாட்டின், மேலே நெட், கழுத்தில் லேஸ், கணுக்கால் வரை தொங்கும் ஃப்ராக். அந்தப் பங்கில் புதுநன்மை ஃப்ராக் என்றாலே நோயல் மாஸ்டர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பத்துப் பிள்ளை நடந்து வந்தால், அதில் எட்டுப் பிள்ளை மேல் அவர் தையல் நடந்து வரும். அப்படிப்பட்டவருடைய சொந்த மகளின் ஃப்ராக்கை எத்தனை பேர் உற்றுப் பார்ப்பார்கள்! புதுநன்மைக்கு அடுத்த சனிக்கிழமை பூங்காவுக்கு பஸ்.

நாற்பத்தெட்டரை. ஜோக்கர் கை நாற்பத்தெட்டு.

மாஸ்டர் மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே இன்னொரு டேப் கிடந்தது. பழசு. லைனிங் துணியை மூட்டை கட்ட உபயோகித்து உபயோகித்து, இழுபட்டு நீண்டுபோன டேப். நீண்ட டேப்பில் எதை அளந்தாலும் அளவு குறைத்துத்தான் காட்டும். அதை எடுத்து மகளின் தலையிலிருந்து தொங்கவிட்டார். நாற்பத்தேழரை. மனசுக்குள் ஒரு தோத்திரம் சொன்னார்.

"அடடா! அரை இன்ச்சு கம்மியாச்சே கண்ணு!"

லவினாவின் முகம் விழுந்தது. "நெசமாவா டாடி? கிளாஸ்ல அந்த கிருத்திகாவுக்கும் எனக்கும் ஒரே ஹைட்டு. அவ போன வாரம் போய்ட்டு வந்துட்டாளே?"

"அவ தலையில கொண்டை போட்டிருப்பா. டேப்பு பொய் சொல்லாது கண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பிள்ளை தன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது. அதைப் பார்த்த மாஸ்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பேக்கரியில் இரண்டு பஃப்ஸ் வாங்கித் தரலாம் என்று முடிவு செய்து அந்தச் சுருக்கைச் சரிப்படுத்திக்கொண்டார்.

சமையலறை வாசலில் பியாட்ரிஸ் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் வெட்டித் தைப்பார். மடிப்புத் தைப்பதும் லேஸ் வைப்பதும் பியாட்ரிஸ். அந்தப் பழைய டேப்பால் தினமும் லைனிங் மூட்டையைக் கட்டி அவிழ்ப்பவளும் அவள்தான்.

"டேப்பு சொன்னா சரிதாங்க" என்றாள். "கையோட கையா ஃப்ராக்கு நீளமும் எடுத்துடுங்க."

மாஸ்டர் நல்ல டேப்புக்குக் கையை நீட்டினார்.

"எதுக்கு டேப்ப மாத்தறீங்க? இதுலயே எடுங்க. கைல இருக்குறதுதானே?"

எடுத்தார். தோளிலிருந்து கணுக்கால் வரை முப்பத்தெட்டு என்று காட்டியது. முப்பத்தொன்பது இருக்க வேண்டும் என்பது மாஸ்டருக்குத் தெரியும். போகட்டும், வெட்டும்போது ஒரு அங்குலம் கூட்டி வெட்டிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பியாட்ரிஸ் பார்த்தாள். சாட்டினை மேஜையில் விரித்ததும் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பத்தெட்டுதானே?"

"ஆமா, முப்பத்தெட்டு. கீழ மடிப்புக்கு ரெண்டு இன்ச்சு விடறேன்."

"விடுங்க. மடிச்சு முப்பத்தெட்டுக்கு நான் கொண்டாந்துடறேன்."

மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அது இல்ல பியாட்ரிஸ்... மடிக்கிறப்ப ஒரு இன்ச்சு மட்டும் மடிச்சாப் போதும். வளர்ற பிள்ளை பாரு."

"என்னிக்குங்க புதுநன்மை?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"அதுக்குள்ள ஒரு இன்ச்சு வளந்துருவாளா?"

"வளரலாம். யாரு கண்டா? ஆண்டவர் சித்தம்."

"அப்படி வளந்தா சனிக்கிழமை ஜோக்கர் கையும் தொட்டுடுவாளேங்க!" பியாட்ரிஸின் முகம் மலர்ந்தது. "லவி! ஓடியா! டாடி என்ன சொல்றாருன்னு கேளு!"

"வேணாம், வேணாம்! முப்பத்தெட்டே இருக்கட்டும்!" என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் தான் விழுந்திருக்கும் குழியின் ஆழம் அவருக்குத் தெரிந்தது. ஃப்ராக் முப்பத்தெட்டு அங்குலத்தில் நின்றால் கணுக்காலுக்கு மேலே சாக்ஸ் தெரியும். கோயில் பூராவும் பார்க்கும். "மாஸ்டர் சொந்தப் பிள்ளைக்கே குட்டையாத் தைச்சிட்டாராம்" என்று ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காக்ஸ் டவுன் வரைக்கும் பேசும். முப்பத்தொன்பதில் நின்றால் டேப் பொய் சொன்னது தெரிந்துபோகும். ஒரு பக்கம் தொழில் மானம். மறு பக்கம் மணிக்கூண்டு உயரம்.

இதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு யுத்தம் நடந்தது. சத்தமில்லாத யுத்தம். பியாட்ரிஸ் முப்பத்தெட்டுக்கு மடித்துத் தைத்து ஹேங்கரில் மாட்டினாள். அவள் பாடகர் குழு ஒத்திகைக்குப் போன சமயம் பார்த்து மாஸ்டர் மடிப்பைப் பிரித்து, ஒரு அங்குலம் இறக்கித் தைத்து, இஸ்திரி போட்டு, அதே ஹேங்கரில் மாட்டினார். மறுநாள் அவர் பொத்தான் வாங்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் போய்த் திரும்பினால், ஃப்ராக் மறுபடி முப்பத்தெட்டில் தொங்கியது. அவர் இறக்கினார். அவள் ஏற்றினாள். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரசத்துக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டார்கள். ஃப்ராக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

"டாடி, என் ஃப்ராக்கு தினம் ஒரு சைஸா இருக்கு" என்றாள் லவினா ஒரு நாள்.

"சாட்டின் துணி அப்படித்தாம்மா. வெயிலுக்கு ஏறும், இறங்கும்" என்றார் மாஸ்டர். பியாட்ரிஸ் ரசத்தைப் பரிமாறிக்கொண்டே "ஆமா ஆமா, டாடிக்குத் தெரியாத துணியா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பியாட்ரிஸ் குளிக்கப் போன நேரத்தில் மாஸ்டர் கடைசித் தடவையாக மடிப்பை இறக்கித் தைத்துவிட்டார். அதற்கு மேல் அவளுக்கு நேரம் இல்லை. பிள்ளைக்குத் தலை வார வேண்டும், முக்காடு குத்த வேண்டும், பூக்கிரீடம் வைக்க வேண்டும். ஹேங்கரிலிருந்து எடுத்தாள், மாட்டிவிட்டாள். மாஸ்டர் கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டே மெல்ல விசிலடித்தார்.

கோயிலில் லவினா கையில் மெழுகுவர்த்தியோடு நடந்து வந்தபோது மாஸ்டருக்குக் கண் கலங்கியது. சாட்டின் அலை அலையாக இறங்கி, கணுக்காலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. எந்த அப்பனுக்கும் கலங்கும். தைத்த அப்பனுக்கு இரண்டு பங்கு கலங்கியது.

பூசை முடிந்து கோயில் வளாகத்தில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டம் லவினாவைச் சூழ்ந்துகொண்டது. மறைக்கல்வி ஆக்னஸ் டீச்சர் குனிந்து மடிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"மாஸ்டர், ஃப்ராக்குன்னா இது ஃப்ராக்கு! ஒரு நூல் ஏறல, ஒரு நூல் இறங்கல. அடுத்த வருஷம் எங்க அக்கா மக ரெண்டு பேருக்கும் நீங்கதான்."

"எல்லாம் அளவு டீச்சர்" என்றார் மாஸ்டர். நெஞ்சு கோட்டு பொத்தானை முட்டியது. "அளவு கரெக்டா இருந்தா துணி தானா நிக்கும்."

"முப்பத்தெட்டு இன்ச்சு டீச்சர்" என்றாள் பியாட்ரிஸ் பணிவாக. "அவரே அளந்தாரு, அவரே வெட்டினாரு."

"முப்பத்தெட்டா? பாத்தா ஜாஸ்தியாத் தெரியுதே?"

"அப்படியா?" பியாட்ரிஸ் கைப்பையைத் திறந்தாள். ஜெபமாலைக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த கடையின் நல்ல டேப் வெளியே வந்தது. கோயிலுக்கு யாராவது டேப் எடுத்து வருவார்களா என்று மாஸ்டர் யோசிப்பதற்குள் அவள் அளந்தே விட்டாள். "அட, ஆமாங்க! முப்பத்தொம்பது. ஏங்க, முப்பத்தெட்டுன்னு சொன்னீங்களே? தப்பு உங்க கைலயா, டேப்புலயா?"

பெண்கள் அத்தனை பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். டிரேவர் கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தான். கை தப்பு என்று சொன்னால், கண்ணுக்கு எதிரில் நிற்கும் இத்தனை வாடிக்கையும் பொட்டலம் கட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடும். இருபது வருஷமாக அளவெடுத்த கை.

"கை எப்படித் தப்பாகும்?" என்றார் மாஸ்டர் வேகமாக. "டேப்புதான்! அது பழைய டேப்பு. மூட்டை கட்டிக் கட்டி இழுத்துப்போச்சு. அதான் வெட்டுறப்ப நானா பாத்து ஒரு இன்ச்சு கூட்டி வெட்டினேன்."

"அதான பாத்தேன்!" என்றார் ஆக்னஸ் டீச்சர். "மாஸ்டர் கையாவது, தப்பாவது!"

"அப்ப அந்தப் பாழாப்போன டேப்புலதானே லவியவும் அளந்தீங்க?" என்றாள் பியாட்ரிஸ். "ஐயோ பாவம், பிள்ளை ஒரு வாரமா சுவத்துக்கு சுவரு நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. இந்தாங்க நல்ல டேப்பு. எல்லாரும் இருக்கறப்பவே அளந்துடுங்க."

மாஸ்டர் அளந்தார். வேறென்ன செய்வார்? பூக்கிரீடத்தைக் கழற்றிவிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, கோயில் தூணோடு பிள்ளையை நிறுத்தி அளந்தார்.

"நாற்பத்தெட்டரை" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

லவினாவுக்குக் கேட்டது. சற்று முன்வரை சிறகு மட்டும் இல்லாத சம்மனசு மாதிரி நின்ற பிள்ளை, ஃப்ராக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளாகம் முழுக்க ஓடினாள். டிரேவர் மாஸ்டரின் தோளைத் தட்டினான்.

"முதல் சீட்டு, மாமா! கம்பியப் பிடிக்கக் கூடாது, ஞாபகம் வெச்சுக்கங்க."

அந்த வாரம் மாஸ்டர் ஜுரம் வரவழைக்கப் பார்த்தார். வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். பியாட்ரிஸ் தைலம் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் உண்மையாகவே இருந்த வலியும் போய்விட்டது. பெங்களூரில் மே மாதம் மழை கொட்டும் என்று நம்பினார். சனிக்கிழமை ஒரு மேகம் இல்லை.

ஜோக்கர் அதே இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். லவினா அவன் கைக்கு அடியில் போய் நிமிர்ந்து நின்றாள். உச்சந்தலை கையை முட்டியது. ஊழியன் சிரித்துக்கொண்டே, "ஹோகி பாப்பா, உள்ள போங்க. கூட யாரு?" என்றான்.

"எங்க டாடி!"

தலைக்கு மேலே ரயில் கடகடவென்று ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நொடி நிசப்தம். அப்புறம் நூறு தொண்டை ஒரே சமயத்தில் அலறியது. மாஸ்டர் தரையைப் பார்த்தார். மகளின் கையைப் பிடித்திருந்த உள்ளங்கை சொதசொதவென்று ஈரமானது. பிள்ளை அண்ணாந்து அவரைப் பார்த்தாள். போன வருஷம் அவர் செய்த சத்தியத்தை அப்படியே நம்பிய முகம். இந்த முகத்திடம் இன்னொரு பொய் சொல்ல மாஸ்டரிடம் சரக்கு இல்லை.

குனிந்து அவள் காதருகே சொன்னார். "லவி... டாடிக்கு பயம்மா. ரொம்ப பயம். அதான் அந்தப் பழைய டேப்புல அளந்தேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் கட்டிக்காத்த மானம் சரியப்போகும் சத்தத்துக்குக் காத்திருந்தார்.

லவினா தன் உச்சந்தலையை மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் குள்ளம் இல்லயா?"

"சேச்சே! நீ ஏன்மா குள்ளம்? டேப்புதான் நீளம்."

"கிருத்திகா ஹைட்டுதானே?"

"அவளவிட ஒரு நூல் ஜாஸ்தியே இருப்ப."

"போங்க டாடி! இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்று சொல்லி, தண்ணீர் பாட்டிலையும் தொப்பியையும் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. வானம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இதையும் புடிங்க" என்று ஒரு கைப்பையும் வந்து சேர்ந்தது. திரும்பினால் பியாட்ரிஸ். அப்போதுதான் மாஸ்டர் கவனித்தார். கோயில் டூர் என்றால் எப்போதும் பட்டுச்சேலை கட்டி வருகிறவள், இன்று சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக நிற்கிறாள். அந்தச் சுடிதாரைத் தைத்தவரும் அவரேதான். துப்பட்டா பறக்காமல் இருக்கத் தோளில் ஒரு பட்டி வைத்துத் தரச் சொல்லி ஈஸ்டருக்கு முன்னாலேயே கேட்டு வாங்கியிருந்தாள்.

"நீ... இதுல ஏறப் போறியா?"

"போன வருஷமே ஆசைதாங்க. நீங்கதான் முதல் சீட்டு எனக்குன்னு துண்டு போட்டுட்டீங்க."

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்ளோ பேஜாரே இல்லியே! நானே சந்தோஷமா விட்டுக் குடுத்திருப்பேனே!"

"நீங்க ஒரு வார்த்தை பயம்னு சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். உங்க பயத்துக்குப் பிள்ளையக் குள்ளம் ஆக்குனீங்க பாருங்க, அதுக்குத்தான் இவ்ளோ மடிப்பும்." துப்பட்டாவைப் பட்டிக்குள் செருகிக்கொண்டாள். "ஊருக்கு நேர் எதிர்ல அளக்க வெச்சதுக்கு கோவமா?"

மாஸ்டருக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் பசிதான். ஒரு வாரமாக இல்லாத பசி.

"பத்திரமா போய்ட்டு வாங்க" என்றார். பழக்க தோஷத்தில் "பாத்து, பாத்து" என்றும் சொன்னார்.

எதிரில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே டிரேவர் உட்கார்ந்திருந்தான். மடியில் நாலைந்து பேருடைய பைகள்.

"நீ ஏறலயாடா?"

"இல்ல மாமா. காலைல இட்லி சரியில்ல."

மாஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தள்ளி உட்காரச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, பியாட்ரிஸின் பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். இருவரும் ஆளுக்கு ஒரு கட்லெட் எடுத்துக்கொண்டார்கள். உச்சியில் முதல் சீட்டில் இரண்டு சின்ன உருவங்கள் தெரிந்தன. நாலு கையும் மேலே இருந்தது. கம்பியை ஒருத்தரும் பிடிக்கவில்லை. மாஸ்டர் கட்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார். என் பெண்டாட்டி, என் பிள்ளை என்று இருந்தது அவருக்கு. பயந்தவன் இதைத் தரையில் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

இறங்கி வந்தபோது லவினாவின் ஜடை ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம். பியாட்ரிஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கல்யாண ஆல்பத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து மாஸ்டர் பார்த்ததில்லை. அவருக்கும் குஷி தாங்கவில்லை. தகப்பன் என்ற முறையில் பிள்ளைக்குத் தானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. சுற்றிலும் பார்த்தார். குளக்கரையில் கம்பளிப்பூச்சி வடிவத்தில் ஒரு குட்டி ரயில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"லவி! வா, இதுல டாடியும் நீயும்! முதல் சீட்டு!"

அவளையும் இழுத்துக்கொண்டு கம்பீரமாக நடந்து, வாசலைத் தாண்டப் போனார். அங்கே ஒரு மரக் கரடி கையை நீட்டிக்கொண்டு நின்றது. லவினாவின் மார்புக்கு வந்தது அந்தக் கை. ஊழியர் குறுக்கே கயிற்றைப் போட்டார்.

"சார், பாப்பா ஹைட்டு ஜாஸ்தி ஆயித்து. கரடி கைக்குக் கீழ இருக்குற பிள்ளைங்கதான் இதுல ஏறலாம். சின்னப் பிள்ளை கூட இல்லாம பெரியவங்களத் தனியா விடறதில்ல."

மாஸ்டர் திகைத்து நின்றார். லவினா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊழியரின் சட்டையைப் பிடித்து இழுத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கெஞ்சினாள்.

"அங்கிள், நான் ஏறல. எங்க டாடிய மட்டும் விட்டுடுங்க. பாவம், அவருக்கு இது ஒண்ணுலதான் பயமில்ல!"